கம்பத்தில் ஒற்றைக் கையுறை

மலையுச்சியில் காப்பி குடிக்கப் பேருந்து நின்றது. சுவீடனிலிருந்து வந்த முதியவர்களை இறக்கிவிட்ட வழிகாட்டி தூருன், வேலிக்கம்பத்தில் ஒற்றைக் கம்பளிக் கையுறை மாட்டியிருப்பதைப் பார்த்தாள்.

“நார்வேயில வேலிக்கும் குளிருமா?” என்றாள் பயணி குனில்லா.

“கீழ கெடந்தா எடுத்து மாட்டிடுவோம். தொலைச்சவங்க தேடி வருவாங்கல்ல. உங்க ஊர்ல மிதிச்சுட்டுப் போவீங்களாக்கும்.”

சிரிப்பு அடங்கியதும் தூருன் கம்பத்தருகே போனாள். சாம்பல் நிறம், கட்டைவிரலில் நீலநூல் ஒட்டு. அவளே பின்னி, அவளே ஒட்டுப்போட்ட இடக்கையுறை.

இந்த வழியில் பேருந்து ஓட்டிய அவள் கணவன் ஹால்வர், வலக்கையுறையை இங்கேதான் தொலைத்தான். வண்டி எடுக்குமுன் இரண்டையும் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி முன்கண்ணாடியோரம் வைப்பது அவன் வழக்கம். ஒன்று தொலைந்த பிறகு, புது ஜோடி பின்னித் தருகிறேன் என்று அவள் சொன்னாலும் கேட்கமாட்டான். “வந்துரும், நீ பாரேன்” என்பான். மிஞ்சிய இடக்கையுறையை அவன் சவப்பெட்டிக்குள் வைத்தது அவள்தான்.

உள்ளே கை நுழைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பையில் போட்டுக்கொள்ளத்தான் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் தேடி வருகிறவர் ஏமாந்துபோவாரே. மறுபடியும் மாட்டிவிட்டாள்.

மாலையில் அதே வழியில் திரும்பி, அங்கேயே நிறுத்தினார்கள். கம்பம் வெறுமையாக இருந்தது.

“உடையவங்க வந்துட்டாங்கபோல” என்றாள் குனில்லா.

தூருன் பேருந்தில் ஏறினாள். ஓட்டுநர் சிண்ட்ரே தன் இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான்.

“இது யாரோடது? இறங்கி ஏறுறதுக்குள்ள இங்க இருக்கு.”

முன்கண்ணாடியோரம் இரண்டு சாம்பல்நிறக் கையுறைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தன.