பதின்மூன்றாவது டன்கார்வி

ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரான ஆர்ட்கோலில், 1936 வசந்தத்தில், டன்கார்வி குலச் சங்கத்தார் ஊர் மண்டபச் சுவரில் ‘புகழ்பெற்ற டன்கார்விகள்’ என்றொரு பலகையை மாட்டினார்கள். தளபதி, பிஷப், பாலம் கட்டியவர் என்று பன்னிரண்டு ஆண்கள். எல்லோருக்கும் பிறந்த வருடமும் இறந்த வருடமும் பொன்னிறத்தில் எழுதப்பட்டிருந்தன.

எஃபி டன்கார்விக்கு ரத்தம் கொதித்தது. 1911 புயலில் தனியாகப் படகு வலித்துப்போய் ஒன்பது மீனவர்களைக் கரைசேர்த்தவள் அவளுடைய அத்தை கிரிஸல். மிச்சமிருந்தவர்களைத் தேடி மறுபடியும் கடலுக்குள் போனவள் திரும்பவில்லை.

“எங்க அத்தை பேர் எங்கே?”

சங்கச் செயலர் முர்டோ சிரித்தார். “படகு வலிச்சவங்களையெல்லாம் எழுதினா சுவர் பத்தாதும்மா.”

“அந்த ஒன்பது பேர்ல உங்க அப்பாவும் ஒருத்தர். வெக்கமா இல்ல?”

முர்டோ மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, பலகையில் பதின்மூன்றாவது பெயர் இருந்தது. கிரிஸல் டன்கார்வி, 1884, ஒரு கோடு, அதற்குப் பின் வெற்றிடம். பலகை எழுதியவர் உற்றுப் பார்த்தார். “எழுத்து என்னோடதுதான். ஆனா நான் எழுதல.”

“தொலையட்டும். செத்த வருஷத்தைப் போடு” என்றார் முர்டோ.

பலகைக்காரர் 1911 என்று எழுதினார். மறுநாள் அது இல்லை. மறுபடி எழுதினார், மறுபடி இல்லை. மூன்றாம் முறை எஃபி தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அவங்க செத்ததை நீங்க பாத்தீங்களா?”

அப்போது துறைமுகத்திலிருந்து ஆட்கள் ஒரு இளைஞனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பாணிக் கம்பளிச் சட்டை, உடம்பெல்லாம் ஈரம், குளிரில் பல் தந்தியடித்தது. வெளியே கடல் அசையாமல் கிடந்தது.

“ஒரு பொம்பள என்னைக் கரையில விட்டாங்க” என்றான். “இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கன்னு திரும்பிப் போயிட்டாங்க.”