கோமளாவின் கைராசி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையைப் பாதி சிரைத்துவிடுங்கள், அத்தனையும் சத்தியம்!

கோமளாவின் அடுக்களை ஜன்னலில் ஓர் ஓமவல்லித் தொட்டி இருந்தது. காலையில் கோமளா ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள். அவள் மறந்திருப்பாள் என்று கணவர் ஒரு சொம்பு ஊற்றுவார். இதுகளுக்கு எங்கே நினைப்பு என்று மாமியார் ஒரு சொம்பு. வேர் அழுகி ஓமவல்லி தலை தொங்கினால், "ஐயோ, தாகம் போல!" என்று இன்னும் ஒரு சொம்பு.

"இன்னும் ரெண்டு நாள் போனால் செத்தேனடி," என்று அழுதது ஓமவல்லி.

ஜன்னலுக்குக் கீழ்த்தட்டில் அதே ஜாடையில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. "கொழுப்புடி உனக்கு! என்னைக் கடையில் வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டுக்கு வழியில்லை," என்றது அது.

"அப்படியானால் என் இடத்துக்கு வாயேன்!"

மதியம் வீடே குறட்டை விடும்போது, இரண்டும் தொட்டியோடு குதித்து இடம் மாறிக்கொண்டன.

அப்புறமென்ன! பிளாஸ்டிக் செடி கழுத்தளவு தண்ணீரில் ஆனந்தமாகக் கொப்பளித்தது. வழிந்து கீழே சொட்டியதே ஓமவல்லிக்குப் போதுமானதாக இருந்தது. அது துளிர்விட்டு, வீடெல்லாம் மணத்தது.

"ஒரு இலை வாடலை, பாத்தீங்களா? என் கைராசி!" என்றாள் கோமளா.

"உன் கையா? என் கைடி," என்றார் கணவர்.

"போங்கடா, ஊத்தினது நானாக்கும்!" என்றார் மாமியார்.

கீழ்த்தட்டில் ஓமவல்லி இலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் எனக்கு இன்னும் காபி கிடைத்துக்கொண்டிருக்கிறது.