மரியாதை கெட்ட சொல்

“டாய்” என்றார் கிழவர்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கர நாற்காலியைத் தள்ளினேன். மொன் றோயல் மலை ஏற்றம். செப்டெம்பர் என்று பெயர்தான், வெயில் மண்டையைப் பிளந்தது.

“டாய், டாய்.”

ஐம்பத்திரண்டு வயது எனக்கு. மூன்று பிள்ளை பெற்றவள். எங்கள் ஊரில் சண்டைக்கு இழுக்கிறவன்தான் இப்படிக் கூப்பிடுவான். அதுவும் ஆம்பிளையை.

கிழவரின் பெயர் துல்லியோ பெர்ரெத்தி. சைக்கிள் ஓட்டத்தில் இரண்டு தரம் இத்தாலியின் சம்பியனாக வந்தவராம். அஹுன்ட்சிக் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் சுவர் முழுக்கப் படங்கள். பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. மிஞ்சியது காலையில் ஒரு மெர்சி, பிரெஞ்சில் நன்றி. மற்றபடி, நான் அவரைத் தூக்கும்போதும் தள்ளும்போதும், எனக்கு மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, இந்தச் சொல்.

முன்பு அங்கே வேலை செய்த தமிழர் யாரோ பழக்கிவிட்டார் என்று நினைத்தேன். ஐந்து மாதம் பொறுத்தேன். பிறகு முறைப்பாடு கொடுத்தேன்.

பிரெஞ்சில் எழுதித் தந்தவள் எங்கள் பராமரிப்பு நிறுவன அலுவலகத்து நிலக்ஷி. சொல்லைக் கேட்டதும் அவளுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பராமரிக்கும் பெண்ணை அவளுடைய மொழியிலேயே கேவலமாக அழைக்கிறார் என்று எழுதினாள்.

அவர்மேல் அது மூன்றாவது முறைப்பாடு. முதல் இரண்டும் தேநீர்க் கோப்பையை எறிந்ததற்கு. இனி அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். மகள் கார்லா என்னிடம் அழுது மன்னிப்புக் கேட்டாள். அவளும் வேலைக்குப் போகிறவள், வேறு வழியில்லை. நாளைக் காலை அவரை முதியோர் இல்லத்தில் விடுகிறாள். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

எனக்குக் கொஞ்சமும் மனவருத்தமில்லை. சம்பியன் என்றால் எனக்கென்ன.

இன்றைய சைக்கிள் ஓட்டத்தைக் காட்டக் கூட்டிவந்ததுகூடக் கார்லா கேட்டதற்காகத்தான். ஐம்பது வருடத்துக்கு முன் அவருடைய கடைசிப் போட்டியும் இதே மலையிலாம். சனம் கலையத் தொடங்கிய பிறகு, ஒற்றை ஆளாக வந்து முடித்தாராம். அதற்கு மட்டும் சுவரில் படமில்லை.

வீதியோரம் நிழல் பார்த்து நிறுத்தினேன். சைக்கிள்கள் கூட்டமாக விர்ரென்று போயின. சனம் அலே, அலே என்று கத்தியது. பிறகு கனநேரம் ஒருவருமில்லை.

கடைசியில் ஒருவன் வந்தான். முழங்காலில் இரத்தம். சைக்கிள் நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் இத்தாலியப் பெண் தடுப்புக்கு மேலால் எட்டிக் கத்தினாள். டாய், டாய், டாய் என்று.

அவளுக்குப் பின்னால் கொடிகளோடு நின்ற எல்லாரும் அதே சொல்லைக் கத்தினார்கள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது.

அதற்கு என்ன பொருள் என்று அவளிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

விட்டுவிடாதே, இன்னும் கொஞ்சத் தூரம்தான், உன்னால் முடியும். எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்றாள். எங்கள் ஆட்கள் களைத்துப்போனவர்களைப் பார்த்துச் சொல்வது என்றாள்.

உடனே நிலக்ஷிக்குப் போன் அடித்தேன். பிழை என்னுடையது, எப்படியாவது அந்தக் கடிதத்தைத் திருப்பி எடு என்று கெஞ்சினேன்.

“மாக்கிரட் அக்கா, வெள்ளிக்கிழமையே பைலை மூடிப்போட்டினம். இனி ஒண்டும் செய்யேலாது.”

எங்களை ஏற்றிப்போகும் வாகனம் மலைக்கு மேலே நின்றது. நாற்காலியைத் தள்ளத் தொடங்கினேன். பாதி ஏற்றத்தில் கை சோர்ந்துவிட்டது. பிறேக்கைப் போட்டு நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நான் ஏன் நின்றேன் என்று அவருக்குத் தெரியாது. களைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். கழுத்தைத் திருப்ப முடியாத அந்த மனிதர், முன்னால் கிடந்த ஏற்றத்தைப் பார்த்தபடி, தன்னிடம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி எனக்காகக் கத்தத் தொடங்கினார்.