மீதி மருந்து

தீக்காயத்தோடு கிடந்தவருக்கு மார்ஃபின் என்ற வலி மருந்து பாதிக் குப்பி போதும் என்று எழுதிவிட்டு டாக்டர் மாடியில் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். ஜெசிந்தா சிஸ்டர் பாதியைப் போட்டாள். மீதியை இன்னொரு நர்ஸ் பார்க்கக் கொட்டிவிட்டு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், போதை மருந்துச் சட்டம் அப்படி. மெகருன்னிசா வந்து பக்கத்தில் நின்றாள். ஜெசிந்தா குப்பியை வாஷ்பேசினுக்கு மேலே சாய்த்தபோது, அதன் அடியில் ஓர் உள்ளங்கை நீண்டது. அடுத்த கட்டிலில், லாரி ஏறிக் கால் நசுங்கி அலறிக்கொண்டிருந்தவனின் மனைவி ரஞ்சிதத்தின் கை அது.

“கொட்டுறத எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க சிஸ்டர்.”

“அவருக்கு டாக்டர் இன்னும் எழுதலம்மா. எழுதாமப் போட்டா என்னைய ஜெயில்ல வைப்பாங்க. கைய எடுங்க.”

கை நகரவில்லை. மெகருன்னிசாதான் அதைப் பிடித்து மெல்ல விலக்கினாள். மருந்து சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று. கையெழுத்துப் போட்ட கையோடு ஜெசிந்தா கால் நசுங்கியவனுடைய கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்வரை வெளியே நின்றாள். டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார்.

புதுக் குப்பி உடைத்து ஊசி போட்டதும் அலறல் முனகலாகி, பிறகு வெறும் மூச்சாகியது. ரஞ்சிதம் கும்பிடவில்லை, திட்டவுமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நீங்க கொட்டுனதுலேருந்து இருபத்தஞ்சு நிமிஷம் கத்தியிருக்காரு. அதையும் அந்த நோட்டுல எழுதுங்க சிஸ்டர்.”

ஜெசிந்தா பதிவேட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடத் தொடங்கினாள்.