பின்னால் இரண்டு மூட்டை

"பளபளப்பெல்லாம் வேண்டாம் தம்பி. மலையில சுமை ஏத்துற வண்டியைக் காட்டுங்க" என்றார் ஒச்சப்பன்.

ரமேஷ்பாபுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றைக் கடையாக்கி, எஸ்டேட்காரர்களுக்கு மருந்தடிக்கிற மெஷினும் புல் வெட்டுகிற மெஷினும் விற்றுவந்த ஷாஜி, இரண்டு வருஷத்துக்கு முன்புதான் இந்த நாலு சக்கர பைக்குகளையும் இறக்கினார். போன ஓணத்தோடு வியாபாரம் படுத்துவிட்டது. இந்த ஓணத்துக்குள் ஒன்றாவது போகாவிட்டால் நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று, விற்பனைக்கு நிற்கிற அவனிடம் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

ரமேஷ்பாபுவின் அப்பா முனிசிபாலிட்டியில் தெரு கூட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கழுத்தில் டை கட்டியவன் இவன்தான். மனைவி இசக்கிசெல்விக்கு இது எட்டாம் மாதம்.

வந்தவர்கள் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். இடுக்கி மலையில் பூப்பாறைப் பக்கம் ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டமாம். விடியுமுன் பஸ் ஏறி, அந்த 2008 ஆடி மழையில் நனைந்து வந்திருந்தார்கள். மனைவி காளியம்மாள், சாயா வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே இருந்தாள். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. காசை எடுக்க மனசு வராத முகம் என்று ரமேஷ்பாபு முடிவுகட்டினான். இப்படி எத்தனை முகங்களைப் பேசிப் பேசியே கரைத்திருக்கிறான்!

"இந்த ஒல்லி வண்டி வேகத்துக்குண்ணே. சின்னப் பசங்க காட்டுப் பாதையில விரட்டிட்டுப் போவாங்க. அதோ அந்தப் பச்சைதான் உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை மலைப்பாதையில சுத்தலாம், திங்கக்கிழமை தோட்ட வேலையும் பார்க்கலாம். முன்னால ஒரு கேரியர், பின்னால ஒரு கேரியர். நாலு வீலும் இழுக்கும், கேட்டோ" என்றான் ரமேஷ்பாபு, கடையில் ஒட்டிக்கொண்ட மலையாளத்தோடு.

"நான் ஒருக்கா உக்காந்து பார்க்கட்டா?"

ஒச்சப்பன் ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இறங்கவே இல்லை. இப்படி ஆசையாக உட்காருகிறவர்கள் வாங்காமல் போனதே இல்லை என்று ரமேஷ்பாபு உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

காளியம்மாள் நேரே வண்டியின் பின்பக்கம் போனாள். கேரியருக்குக் கீழே குனிந்து, பசை காய்ந்து சொரசொரத்த ஓர் இடத்தை விரலால் தடவினாள்.

"இங்க என்ன ஒட்டியிருந்துச்சு தம்பி?"

"விலைச் சீட்டுக்கா" என்றான் ரமேஷ்பாபு, கண் இமைக்காமல்.

விலைச் சீட்டு அல்ல. பின்னால் ஒரு மூட்டைக்கு மேல் ஏற்றாதே, செங்குத்தான ஏற்றத்தில் சுமையோடு போகாதே என்று வண்டி செய்தவன் படம் போட்டு ஒட்டிய எச்சரிக்கை அது. பார்க்கிறவர்கள் மிரண்டுவிடுகிறார்கள் என்று, வண்டி வந்து இறங்கியதுமே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லிவிடுவார் ஷாஜி. துடைக்கிற வேலை ரமேஷ்பாபுவுடையது.

"எங்க ஏத்தம் நெட்டுக்குத்தா நிக்கும்" என்றார் ஒச்சப்பன். "பச்சை ஏலக்காய் ரெண்டு மூட்டையைப் பின்னால கட்டிட்டு ஏறுனா, முன் வீல் தூக்கி ஆளை மல்லாத்திராதா?"

துடைத்தெடுத்த அந்தப் படம் ரமேஷ்பாபுவுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு மூட்டைதான் அண்ணே, அதுவும் சுற்றிப் போகிற பாதையில்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே இசக்கிசெல்வியின் வயிறும் கண்முன் வந்து நின்றது. கெட்டவன் அல்ல அவன். வேலை போய்விடும் என்ற பயம் வந்தால் நல்லவன் நாக்கும் புரளத்தான் செய்கிறது.

"ஒரு கொழப்பமும் இல்லண்ணே. தைரியமா ஏத்துங்க."

"ரெண்டு மூட்டையா?" காளியம்மாள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத் தெரியுமா தம்பி?"

"என் பொண்டாட்டி வயித்துல இருக்கிற பிள்ளை மேல சத்தியம்க்கா."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் மெதுவாக வண்டியைவிட்டு இறங்கினார்.

"விக்கிறவங்க சரியாத்தான் சொல்லி அனுப்புறாங்க, ஓட்டுறவன்தான் திமிர்ல கூட ஏத்துறான்னு எங்க ஊர்ல பேசிக்கிறாங்க" என்றார்.

வியாபாரம் கைநழுவுகிறது என்று ரமேஷ்பாபு பதறிவிட்டான்.

"ஊர்க்காரங்க பேச்சை விடுங்கண்ணே. உங்க பூப்பாறைக்கே போன ஓணத்துக்கு ஒரு வண்டி கொடுத்திருக்கேன். காசிமாயன்னு ஒரு பையன், தங்கமான பையன். அவனும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் கேட்டான். ரெண்டு மூட்டைதானே, கண்ணை மூடிட்டு ஏறுடான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை சொல்லி போன் வந்ததில்ல."

காளியம்மாள் கேரியர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை வலுத்தது. அவள் பிடித்த பிடியை ரமேஷ்பாபு தயக்கம் என்றே எடுத்துக்கொண்டான். மேஜைமேல் இருந்த ரெஜிஸ்டரை அவசரமாகப் புரட்டி, அந்தப் பக்கத்தை அவள் முன்னால் நீட்டினான்.

"நம்பிக்கை வரலேன்னா இதோ நம்பர். அவன்கிட்டயே கேட்டுக்கோங்கக்கா."

"எங்க மகன்கிட்ட இனிமே கேக்க முடியாதுன்னுதான் தம்பி, உங்ககிட்ட கேக்க வந்தோம்."