இடப்பக்க சீட்டுக்கு இரண்டு ஆர்ம்ரெஸ்ட்

"கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டினா இது தாங்குமா பாய்?"

ஆர்ம்ரெஸ்ட்டைக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தபடி அண்ணாதுரை கேட்டான். குஷன் கடை ஜாஃபர் சாதிக் திடுக்கிட்டுப் போனார். தஞ்சாவூர் பைபாஸில் கடை போட்ட நாளிலிருந்து, மெத்தென்று இருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு; கட்டினால் தாங்குமா என்று எவனும் கேட்டதில்லை.

"எதக் கட்டப் போறீங்க தம்பி?"

"கையத்தான்."

வாசலில் குத்தாலத்திலிருந்து வந்த பழைய வேன் நின்றது. நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்கள் உள்ளேயே சமைத்துத் தூங்கட்டும் என்று பின்னால் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்திருந்தான் அண்ணாதுரை. இப்போது அந்தக் கட்டிலில் அவன் மனைவி செம்மொழி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு, கலைந்த தலை, அழுது அழுது வீங்கிய கண்கள்.

ஜாஃபருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாவம், புத்தி பேதலித்துப் போயிருக்கிறது.

"சாயங்காலத்துக்குள்ள திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாகணும் பாய்" என்றான் அண்ணாதுரை. "போன மாசம் கெளம்பினப்ப சும்மா துண்டாலதான் கட்டினோம். செங்கிப்பட்டிகிட்ட உருவிக்கிட்டு, கதவத் தொறந்து குதிச்சாச்சு. அதோட ஆஸ்பத்திரியும் போச்சு, எல்லாம் போச்சு."

"பொம்பளையக் கட்டிப் போடறதுக்கு என் கடையில சாமான் கிடையாது. வேற எடம் பாருங்க."

அண்ணாதுரை சட்டென்று அவர் காலில் விழுந்துவிட்டான்.

"அது நெத்தியில இருக்கற கட்டப் பாருங்க பாய். நேத்து நடந்தது. இன்னொரு தடவ நடந்தா உசுரே போயிடும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு எங்களுக்கு."

சுவரில் முட்டிக்கொண்டாளோ என்னவோ. ஜாஃபர் வேனுக்குள் தலையை நீட்டினார். "நீ சொல்லு தங்கச்சி. உனக்கு இதுல சம்மதமா?"

"போட்டுக் குடுங்கண்ணே" என்றாள் செம்மொழி. தெளிவாகத்தான் பேசினாள். "இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் இல்லேன்னா நானும் புள்ளைங்களும் ஆத்துலதான் விழணும்."

அதற்கு மேல் மறுக்க அவருக்கு மனசு வரவில்லை. டேப்பை எடுத்தார்.

"தங்கச்சிய முன்னால வந்து உக்காரச் சொல்லுங்க. முழங்கை படியற ஒசரம் பாக்கணும்."

"என்னை வச்சே அளவெடுங்க பாய்" என்று அண்ணாதுரை இடப்பக்க சீட்டில் ஏறிக்கொண்டான். முன்னால் உட்காரவைத்தால் இப்போதே கதவைத் திறந்துகொண்டு ஓடுவாள் என்று பயப்படுகிறான் போலிருக்கிறது. பட்டவனுக்குத்தானே தெரியும் என்று ஜாஃபரும் பேசாமல் அளந்தார்.

சீட்டைக் கழற்றி, அடி ஃபிரேமில் இரும்புப் பட்டையை வெல்டு அடித்து, இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கினார். கட்டிப் போட்ட கை நோகுமே என்று ஸ்பாஞ்சை இரண்டாக மடித்து வைத்து ரெக்சின் தைத்தார். அத்தனை நேரமும் அண்ணாதுரை நடையாய் நடந்தான். உட்காருவான், எழுந்திருப்பான், ரோட்டைப் பார்ப்பான், மறுபடி வந்து நிற்பான்.

"சீக்கிரம் பாய். லேட்டானா மனசு மாறிடும்."

"பெத்த புள்ளைக்குப் பண்ற மாதிரி பண்ணிட்டிருக்கேன். வெரட்டாதீங்க" என்று சிடுசிடுத்தார் ஜாஃபர்.

ஒரு வழியாக வேலை முடிந்தது. ஆர்ம்ரெஸ்ட்டின் மேல் தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்திப் பார்த்தார், அசையவில்லை.

"யானையக் கட்டலாம். ஆனா பாத்துக் கட்டுங்க தம்பி, அதுவும் ஒரு உசுருதானே."

அண்ணாதுரை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். செம்மொழி நைலான் கயிறும் வண்டிச் சாவியுமாக வேனிலிருந்து இறங்கினாள். ஓடிவிடப் போகிறாளே என்று ஜாஃபர் பதறி, இடப்பக்கக் கதவருகே அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

அவரை மெல்ல நகர்த்திவிட்டு அண்ணாதுரை ஏறி உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் ஆர்ம்ரெஸ்ட்டின் மேல் நீட்டினான்.

"இறுக்கிக் கட்டு செம்மொழி. ஒயின்ஷாப்பப் பாத்துட்டு நான் எவ்வளவு கெஞ்சினாலும் வண்டிய நிறுத்திடாத."