ஃபோன் அடிக்கட்டும்

“எடுக்காதீங்கம்மா. முதல்ல மூச்சு.”

மேஜைமேல் கிடந்த கைபேசி அலறியது. தையல்கார அம்மாள் அசையவில்லை. கைகள் மடியில் அப்படியே கிடந்தன.

மனநல ஆலோசகருக்கு நம்பவே முடியவில்லை. போன தடவை இதே சத்தத்துக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தவள். பயிற்சிக்காகப் பக்கத்து அறையிலிருந்து வரவேற்புப் பெண்தான் கூப்பிடுவாள் என்று முன்கூட்டியே சொல்லியும், “எங்கடா கண்ணா இருக்க?” என்று அவளிடமே கெஞ்சினாள்.

மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். ராங் நம்பர் வந்தாலும் அவனென்றே பாய்வாள். அப்படிப் பாய்ந்ததில் தொழிற்சாலைத் தையல் மெஷினின் ஊசி விரலுக்குள் இறங்கிவிட்டது. ‘இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வராதே’ என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

மணி அடித்து ஓய்ந்தது. வரவேற்புப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா, என்னைக் கண்டுக்கவே இல்ல? போன தடவை ‘சாப்பிட்டியாடா’ன்னு எல்லாம் விசாரிச்சீங்க.”

“கிண்டல் பண்ணாத” என்று அவளை அடக்கிய ஆலோசகரின் முகத்திலும் சிரிப்புத்தான். “கஷ்டமே வராம என்னால தடுக்க முடியாதும்மா. வந்தா சாயாம நிக்கப் பழக்கலாம். அன்னிக்கே சொன்னேன்ல? காலைத் தரையில அழுத்தி, மூச்சை மெதுவா விடுறது... வீட்டுல பழகினீங்களா?”

“இல்ல மேடம். இன்னிக்கு அதுவா வந்துருச்சு.”

“அதுதான் வேணும். படபடப்பு?”

“இல்ல.”

“நெஞ்சு அடைக்கிற மாதிரி?”

“ஒண்ணுமே இல்ல மேடம்.”

“நீங்க லேட்டா வந்ததும், இன்னிக்கு ரொம்ப முடியலையோன்னு பயந்துட்டேன்.”

“ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு.”

இத்தனை நாளில் இந்த அறையிலிருந்து ஒருவராவது தேறிப் போகிறாரே என்று ஆலோசகருக்குக் கண் கலங்கியது. இனி எப்போதாவது வந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தார்.

மறுபடியும் கைபேசி அலறியது.

“நான் இல்ல மேடம்” என்று வாசலில் நின்ற வரவேற்புப் பெண் வெறுங்கையைக் காட்டினாள்.

அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆலோசகர்தான் எட்டிப் பார்த்தார். பெயர் இல்லை, எண் மட்டும் மின்னியது.

“பயிற்சி முடிஞ்சதும்மா, எடுங்க. இது நிஜமான ஃபோன். புது நம்பரா இருக்கு, உங்க பையனாக்கூட இருக்கலாம்.”

அம்மாள் இல்லையென்று மெல்லத் தலையாட்டினாள்.

“அவனா இருக்காது மேடம். காலையில பிணவறையில துணியை விலக்கிக் காட்டினாங்க, ஆமான்னு சொல்லிட்டு, வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு தெரியாமதான் இங்க வந்தேன்.”